தொண்டும் உதவித்தொகையும்: சமுதாயக் கல்லூரிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

கற்க விரும்பும் ஏழை மாணவர்க்குப் பொருளுதவி செய்தல் தொன்றுதொட்டு நல்லோர் மேற்கொண்டுவரும் அறமாகும். அவ்வுதவியைப் பெறத் தகுதியுடையார் யாவர் எனத் தெரிந்தெடுப்பதற்கு இரண்டு அளவுகோல்களே பெரும்பாலும் கையாளப்பட்டு வந்துள்ளன. ஒன்று, மாணவர் பெற்ற மதிப்பெண். மற்றொன்று, அவர்தம் குடும்பத்தின் வறுமை. இவ்விரண்டோடு மூன்றாவதாக ஓர் அளவுகோலும் கடந்த நாற்பது ஆண்டுகளில் அமெரிக்க நாட்டில் வலுப்பெற்றுள்ளது. மாணவர் தம் ஊருக்கும் மக்களுக்கும் செய்யும் தொண்டே அவ்வளவுகோல். குறிப்பாக, எளிய குடும்பத்துப் பிள்ளைகள் மிகுதியாகப் பயிலும் சமுதாயக் கல்லூரிகளில் இம்முறை பரவலாக நடைமுறைக்கு வந்துள்ளது.

இங்கே ஒரு வினா எழுகின்றது. பயன் கருதாது செய்வதே தொண்டு என்பர் பெரியோர். அங்ஙனமாயின், உதவித்தொகை பெறும்பொருட்டுச் செய்யப்படும் தொண்டு தொண்டாகுமா? அது கூலியாகிவிடாதா? இவ்வினாவுக்கு விடை காண்பதும், அவ்விடையிலிருந்து நாம் கொள்ளத்தக்கன எவை, தள்ளத்தக்கன எவை என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சமுதாயக் கல்லூரி: தோற்றமும் இயல்பும்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோலியட் என்னும் ஊரில் 1901ஆம் ஆண்டு ஆறு மாணவர்களுடன் ஓர் இளநிலைக் கல்லூரி தொடங்கப்பெற்றது. உயர்நிலைப் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே இருந்த இடைவெளியை நிரப்பும் நோக்குடன் எழுந்த அதுவே இன்றைய சமுதாயக் கல்லூரிகளுக்கு முன்னோடியாகக் கருதப்படுகின்றது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947இல் அறிக்கை அளித்தது. வீட்டிலிருந்தே சென்று பயிலத்தக்க தொலைவில், குறைந்த செலவில், எல்லார்க்கும் வாயில் திறந்த கல்லூரிகள் வேண்டும் என்பது அக்குழுவின் பரிந்துரைகளுள் ஒன்று. 'சமுதாயக் கல்லூரி' என்னும் பெயர் பரவலானதும் அவ்வறிக்கைக்குப் பின்னரே ஆகும்.

இக்கல்லூரிகளில் ஈராண்டுப் படிப்பு நிகழும். அதனை முடித்தோர் வேலைக்குச் செல்லலாம். பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டப்படிப்பைத் தொடரவும் செய்யலாம். பகலில் கடையிலோ ஆலையிலோ உழைத்து மாலையில் பயில்வோர், குழந்தை வளர்க்கும் தாய்மார், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்போர் ஆகியோர் இங்கு மிகுதி. நேரமும் பணமும் ஒருங்கே குறைவாக உடைய இம்மாணவர்களை நோக்கித் 'தொண்டு செய்க' என்று கேட்கும்போதுதான் நம் வினா கூர்மை பெறுகின்றது.

ஈகையும் ஒப்புரவும்

தமிழ் பயில்வோர்க்கு இவ்வினாவை அணுக வள்ளுவரிடத்து ஒரு வழி உண்டு. திருக்குறள் இல்லறவியலில் 22ஆம் அதிகாரமாக ஒப்புரவறிதலும், 23ஆம் அதிகாரமாக ஈகையும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் பிறர்க்குப் பயன்படுதலைக் கூறுவனவாயின் ஓரதிகாரமாகவே அமைத்திருக்கலாமே, ஏன் இரண்டாகப் பிரித்தார் என்பது மாணவர் பலர் வகுப்பில் கேட்கும் ஐயம். ஈகை, இல்லாதவர்க்கு உள்ளவர் கொடுப்பது. அங்கே கொடுப்போர் ஒருபுறமும் பெறுவோர் மறுபுறமும் நிற்பர். ஒப்புரவோ, உலகநடை அறிந்து ஊரோடு பொருந்தி வாழ்தல். ஊருணியும், ஊர்நடுவே பழுத்த மரமும், மருந்தாகும் மரமும் அவ்வதிகாரத்தில் உவமைகளாக வருவதை நோக்குக. ஊருணி இன்னார்க்கு என்று தண்ணீர் தருவதில்லை; ஊரின் ஓர் உறுப்பாகவே நிற்கின்றது.

உதவித்தொகை என்பது பொதுவாக ஈகையின்பாற்படும். அதனோடு தொண்டை இணைத்தவர்கள், பெறுவோனையும் கொடுப்போனாக்க விழைந்தனர். அதாவது, ஈகையை ஒப்புரவாக மாற்ற முயன்றனர் எனலாம். அம்முயற்சி எந்த அளவு கைகூடியது என்பதே இனி ஆராயத்தக்கது.

தொண்டையும் கல்வியுதவியையும் இணைத்த மூன்று முறைகள்

அமெரிக்கத் திட்டங்களை நோக்குமிடத்து, தொண்டும் உதவியும் மூன்று வகையாக இணைக்கப்பட்டிருத்தல் புலனாகும்.

முதலாவது, தொண்டு முன்னும் உதவி பின்னுமாக அமைவது. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உருவாகி, 1994இல் செயற்படத் தொடங்கிய 'அமெரிக்கார்ப்ஸ்' திட்டம் இவ்வகையினது. முழுநேரத் தொண்டராக 1,700 மணி நேரம் பணியாற்றியவர்க்கு 4,725 டாலர் கல்விக் கொடையாக முதலில் வரையறுக்கப்பட்டது. போரிலிருந்து மீண்ட வீரர்களுக்குக் கல்விச் செலவளித்த 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாயலை இதில் காணலாம். நாட்டுக்கு உழைத்தவர்க்கு நாடு செய்யும் கைம்மாறு இது.

இரண்டாவது, உதவியே தொண்டுக்கு வழிவிடுவது. கென்டக்கி மாநிலத்தில் 1855இல் நிறுவப்பெற்ற பெரியா கல்லூரி, மாணவரிடம் கல்விக் கட்டணம் வாங்காத கல்லூரி. அங்குப் பயிலும் ஒவ்வொருவரும் வாரந்தோறும் குறித்த நேரம் உழைத்தல் வேண்டும். 1990இல் அங்கே தொடங்கிய 'பானர்' உதவித்திட்டம் பின்னர்ப் பல கல்லூரிகளுக்கும் பரவியது. ஏழை மாணவர்க்கும் தொண்டு செய்யும் மனம் உண்டு. ஆயின் வயிற்றுப்பாட்டுக்காகப் பகுதிநேர வேலைக்குச் செல்ல வேண்டியிருத்தலால் அதற்கு நேரம் இல்லை. எனவே அவ்வேலையால் வரும் வருவாயை உதவித்தொகையாகத் தந்துவிட்டு, அந்நேரத்தைத் தொண்டுக்கு விடுவித்தல் இத்திட்டத்தின் அடிப்படை. வாரம் 10 மணி நேரம் என்பது அளவு.

மூன்றாவது, தொண்டை உதவிக்கு நிபந்தனையாக வைப்பது. சமுதாயக் கல்லூரிகளில் இவ்வகைக்குப் பேரெடுத்துக்காட்டாக விளங்குவது டென்னசி மாநிலத்தின் திட்டமாகும். அதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

டென்னசி வாக்குறுதி

டென்னசி அமெரிக்காவின் தென்பகுதியில் 95 மாவட்டங்களைக் கொண்ட மாநிலம். அங்குள்ள நாக்ஸ் மாவட்டத்தில் 2008ஆம் ஆண்டு, உள்ளூர்த் தலைவர்கள் சிலர் கூடிப் பள்ளி முடித்த மாணவர் சமுதாயக் கல்லூரியில் கட்டணமின்றிப் பயில ஒரு தனியார் அறத்திட்டத்தைத் தொடங்கினர். அவர்களுள் ஒருவரான பில் ஹாஸ்லம் பின்னாளில் மாநில ஆளுநரானார். ஓர் ஊரில் முளைத்த அத்திட்டத்தை மாநிலம் முழுமைக்கும் உரியதாக்கி, 2014இல் 'டென்னசி வாக்குறுதி' என்னும் பெயரில் சட்டமாக்கினார். 2015இல் பள்ளி முடித்தோர் அதன்கீழ்ச் சேர்ந்த முதல் அணியினர். மாநிலத்தின் 13 சமுதாயக் கல்லூரிகளும், தொழில்நுட்பக் கல்லூரிகளும் இதில் அடங்கும்.

மதிப்பெண் எவ்வளவு என்றோ குடும்ப வருவாய் எவ்வளவு என்றோ பார்த்து இத்திட்டம் எவரையும் விலக்குவதில்லை. மாறாகச் சில கடமைகளை விதிக்கின்றது. பள்ளி இறுதியாண்டிலேயே குறித்த நாளுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். அரசின் நிதியுதவிப் படிவத்தை நிரப்புதல் வேண்டும். வழிகாட்டியுடன் நிகழும் கூட்டத்திற்கு வருதல் வேண்டும். முழுநேர மாணவராகச் சேர்தல் வேண்டும். இவற்றோடு ஒவ்வொரு பருவத்துக்கும் 8 மணி நேரம் சமுதாயத் தொண்டு செய்து சான்று அளித்தல் வேண்டும். ஐந்து பருவங்கள் வரை உதவி கிடைக்கும் என்பதால், முழுப்படிப்புக்கும் சேர்த்து 40 மணி நேரத் தொண்டு என்று கொள்ளலாம். ஊதியம் இன்றி, ஊருக்குப் பயன்படும் பணியாக அது அமைதல் வேண்டும். உணவு வங்கியில் பொருள்களைப் பிரித்து அடுக்குதல், நூலகத்தில் உதவுதல், பூங்காவைத் துப்புரவு செய்தல், சிறுவர்க்குப் பாடம் சொல்லிக்கொடுத்தல் போன்றவை இதில் அடங்குவன.

முதலாண்டில் 58,000க்கும் மேற்பட்ட மாணவர் விண்ணப்பித்தனர். கல்லூரியில் சேர்ந்து உதவியைப் பெற்றவர் 16,000 பேருக்குச் சற்றே மிகுதி. இடையில் நின்றவர் பலர் நான்காண்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றனர். சிலர் படிவத்தை நிரப்பாமலும், சிலர் கூட்டத்திற்கு வாராமலும், சிலர் தொண்டு நேரத்தை முடிக்காமலும் வாய்ப்பை இழந்தனர். எனினும், அம்மாநிலச் சமுதாயக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்தோர் தொகை அவ்வாண்டில் பெரிதும் உயர்ந்தது. 'உனக்குக் கட்டணம் இல்லை' என்னும் ஒற்றைத் தொடர், கல்லூரியை எண்ணிப் பாராத பிள்ளைகளையும் எண்ணிப்பார்க்கச் செய்தது என்பதில் ஐயமில்லை.

எட்டு மணி நேரத்தின் பொருள்

தொண்டு கூலியாகிறதா என்னும் வினாவை இத்திட்டத்தின்மேல் வைத்துப் பார்ப்போம். 2015ஆம் ஆண்டளவில் அங்குச் சமுதாயக் கல்லூரியின் ஓராண்டுக் கட்டணம் ஏறத்தாழ 4,000 டாலர். ஓராண்டின் இரு பருவங்களுக்கும் தொண்டு 16 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு 250 டாலர் ஆகின்றது. எந்த ஊரிலும் துப்புரவுப் பணிக்கு இத்தகைய கூலி கிடையாது. ஆகவே இது கூலியன்று என்பது தெளிவு. இதனை ஒரு பயிற்சியாகவே கருதல் வேண்டும். ஊரின் பொருளால் கற்கின்றோம், ஊருக்கும் நமக்கும் தொடர்பு உண்டு என்னும் உணர்வை மாணவர்க்கு ஊட்டுவதற்கான சிறிய தொடக்கம் அது.

ஆயின் கணக்கின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். டென்னசித் திட்டம் 'கடைசி டாலர்' முறையைச் சேர்ந்தது. அதாவது, மாணவர் பெறும் பிற உதவிகளையெல்லாம் கழித்தபின் கட்டணத்தில் எஞ்சும் தொகையை மட்டுமே அது நிரப்பும். மிக ஏழை மாணவர்க்கு நடுவணரசின் 'பெல்' உதவித்தொகை உண்டு. 2015-16ஆம் கல்வியாண்டில் அதன் உச்ச அளவு 5,775 டாலர். கட்டணமோ 4,000 டாலர். எனவே 'பெல்' உதவியை முழுமையாகப் பெறும் மாணவர்க்கு நிரப்ப வேண்டிய எஞ்சிய தொகையே இல்லை. வருவாய் மிகுந்த குடும்பத்துப் பிள்ளை 4,000 டாலரும் பெற, வறிய குடும்பத்துப் பிள்ளை இத்திட்டத்தினின்று ஒரு டாலரும் பெறாதிருக்கக் கூடும். தொண்டு விதியோ இருவர்க்கும் ஒன்றே.

நேரத்தின் விலையும் இருவர்க்கும் ஒன்றன்று. தந்தையின் வண்டியில் நூலகத்துக்குச் சென்று எட்டு மணி நேரம் உதவி மீளும் மாணவனுக்கு அஃது ஒரு விடுமுறை நாள். வாரம் முப்பது மணி நேரம் உணவு விடுதியில் வேலை பார்க்கும் மாணவனுக்கோ அஃது ஒரு நாள் ஊதிய இழப்பு. தம்பி தங்கையரைக் காத்து, நோயுற்ற பாட்டியைப் பேணும் மாணவி நாள்தோறும் செய்வது பெருந்தொண்டே ஆயினும், வீட்டாருக்குச் செய்வது இத்தகைய திட்டங்களின் கணக்கில் பெரும்பாலும் வருவதில்லை. அவள் தவறவிட்டது சான்றிதழ் அளிக்க வேண்டிய ஒரு நாளாக இருக்கலாம்; அதனால் இழப்பது உதவியாகவும், சில வேளைகளில் படிப்பாகவும் முடியலாம். தொண்டுணர்வை வளர்க்க வந்த விதி, தொண்டிலேயே வாழ்வோரை வெளியேற்றுமாயின் அது முறையாகாது.

இதனை உணர்ந்து, நூல், போக்குவரத்து, உணவு போன்ற செலவுகளால் படிப்பு இடையறும் நிலையிலுள்ள மாணவர்க்குச் சிறுதொகை அளிக்கும் ஏற்பாடுகளும் டென்னசியில் பின்னாளில் சேர்க்கப்பட்டன. குறையைக் கண்டபின் திட்டத்தையே கைவிடாமல் திருத்த முற்பட்டது பாராட்டத்தக்கது.

மற்றொரு செய்தியும் ஈண்டுக் கருதத்தக்கது. டென்னசித் திட்டத்துக்கான மூலநிதி அம்மாநிலப் பரிசுச்சீட்டு வருவாயின் சேமிப்பிலிருந்து ஒதுக்கப்பட்டது. பரிசுச்சீட்டால் உழைக்கும் குடும்பங்கள் சீரழிவதைக் கண்டு நம் தமிழ்நாடு 2003இல் அதனைத் தடை செய்தது. கல்வி என்னும் நற்செயலுக்கு எவ்வழியில் வந்த பொருளும் பொருந்துமா என்பது, கொடுக்கும் கையைப்போலவே கொடுக்கும் பொருளும் தூயதாதல் வேண்டும் எனக் கருதும் மரபினர்க்கு எளிதில் கடந்து செல்லத்தக்க வினா அன்று.

பெரியோரின் ஒரு மணி நேரம்

டென்னசித் திட்டத்தில் நம் கருத்தைப் பெரிதும் கவர்வது மாணவரின் தொண்டைக் காட்டிலும் பெரியோரின் தொண்டேயாகும். ஒவ்வொரு மாணவர்க்கும் ஊரிலிருந்து ஒரு வழிகாட்டி அமர்த்தப்படுகின்றார். வங்கி ஊழியர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கடை நடத்துவோர் எனப் பலரும் ஊதியமின்றி இப்பொறுப்பை ஏற்கின்றனர். மாதம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவர்கள் தரவேண்டுவது. படிவத்திற்கு நாள் நெருங்குகின்றது என நினைவூட்டுவதும், தொண்டு செய்ய இடம் காட்டுவதும், படிப்பை விட்டுவிட எண்ணும் மாணவனிடம் இரண்டு சொல் பேசுவதும் அவர்தம் பணி.

கல்லூரி கண்டறியாத குடும்பத்துப் பிள்ளைக்குப் பணத்தைக் காட்டிலும் அரியது, வழி அறிந்த ஒருவரின் துணை. தந்தையும் தாயும் அன்பு மிக்கவராயினும், எந்தப் படிவத்தை எங்கே எப்போது தருவது என்று அறியாதவராயின் பிள்ளை என்செய்யும்? அவ்விடத்தை நிரப்ப ஊர் முன்வருகின்றது. மாணவர் எட்டு மணி நேரம் தரவேண்டும் என விதித்த ஊர், தானும் நேரம் தருகின்றது. கொடுப்போரும் பெறுவோரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். வள்ளுவர் ஈகையினின்று பிரித்து வைத்த ஒப்புரவின் இலக்கணம் இவ்விடத்திலேதான் நிறைவெய்துகின்றது எனலாம்.

நம் நாட்டு நிலை

தொண்டும் கல்வியும் இணைதல் நமக்குப் புதிதன்று. காந்தியடிகள் நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவருடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. ஈராண்டில் 240 மணி நேரத் தொண்டு அதன் அளவு. டென்னசியின் 40 மணி நேரத்தோடு ஒப்பிட, நம் மாணவர் தரும் நேரம் ஆறு மடங்கு என்பது குறிப்பிடத்தக்கது. சமுதாயக் கல்லூரி என்னும் கருத்தும் 1995இல் புதுச்சேரிக்கும் 1996இல் சென்னைக்கும் வந்து, பள்ளிப் படிப்பை இடையில் விட்ட இளைஞர்க்குத் தொழிற்கல்வி அளிக்கும் வடிவில் இங்கு வேர்கொண்டது.

ஆக, தொண்டுக்கு அமைப்பு உண்டு; உதவித்தொகைக்கு அறநிலையங்களும் கொடையாளரும் உண்டு. இவ்விரண்டும் தனித்தனியே நடைபெறுகின்றன. நாட்டு நலப்பணியில் முன்னிற்கும் மாணவன் நூல் வாங்கப் பணமின்றி நிற்பதும், உதவித்தொகை பெறும் மாணவன் அதனைத் தந்தவர் முகத்தைக்கூட அறியாதிருப்பதும் பொதுவாகக் காணக்கூடியனவே. இவற்றை இணைக்க விரும்பும் கல்லூரிகளும் கொடையாளரும் மேற்கூறிய ஆய்விலிருந்து பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்ளலாம்.

1. உதவித்தொகை முதலில் மாணவரின் நேரத்தை விடுவிப்பதாக அமைதல் வேண்டும். கட்டணத்தைச் செலுத்திவிட்டு, நூலுக்கும் பேருந்துக்கும் மாணவனை இரவு வேலைக்கு அனுப்பிவிட்டுத் தொண்டு கேட்பது பொருந்தாது.

2. தொண்டுக்கான நேரம் கல்லூரிக் கால அட்டவணையிலேயே இடம்பெறுதல் வேண்டும். மாலையில் வீடு திரும்பவேண்டிய மாணவியரும் வெளியூரிலிருந்து வருவோரும் அப்போதுதான் பங்குகொள்ள இயலும்.

3. வீட்டில் நோயாளரைப் பேணுதல், குடும்பத்துக்காக உழைத்தல் போன்ற பொறுப்புகளை ஆசிரியர் அறிந்து, அதற்கேற்பத் தொண்டின் அளவைக் குறைத்தல் வேண்டும்.

4. ஒரு நாள் தவறியமைக்காக உதவியை நிறுத்தலாகாது. ஏன் தவறியது என ஆசிரியர் ஒருவர் நேரில் கேட்டறிந்த பின்னரே முடிவெடுத்தல் வேண்டும்.

5. தொண்டு மாணவர் கற்கும் பாடத்தோடு பொருந்துதல் நன்று. தமிழ் பயில்வோர் மருத்துவமனையிலும் அஞ்சலகத்திலும் எழுத்தறியாதார்க்குப் படிவம் நிரப்பித் தரலாம். தொடக்கப்பள்ளிச் சிறுவர்க்குப் பிழையின்றிப் படிக்கக் கற்பிக்கலாம். முதியோரிடம் வழங்கும் தாலாட்டையும் பழமொழியையும் வட்டார வழக்கையும் எழுதித் தொகுக்கலாம். இவ்வாறு செய்யின் தொண்டு கல்வியாகவும் கல்வி தொண்டாகவும் அமையும்.

6. கொடையாளரும் ஊர்ப் பெரியோரும் மாதம் ஒரு மணி நேரமாவது மாணவரோடு அமர்தல் வேண்டும். மேடையில் காசோலை வழங்கும் சில நொடிகளில் அவ்வுறவு முடிந்துவிடலாகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றான், உதவித்தொகைக்கு நிபந்தனையாவதால் மட்டும் தொண்டு தன் பெருமையை இழப்பதில்லை என்பதும், அந்நிபந்தனை வறியவர்மேல் மட்டும் சுமையாக இறங்கும்போதே அது பிழைபடுகின்றது என்பதும் பெறப்படும். அமெரிக்கார்ப்ஸ் தொண்டுக்குப் பின் கைம்மாறு அளித்தது. பானர் திட்டம் தொண்டுக்கு நேரம் வாங்கித் தந்தது. டென்னசி தொண்டை வாயிற்படியாக வைத்தது. இம்மூன்றனுள் நம் மாணவர் நிலைக்கு மிகப் பொருந்துவது, உதவியால் நேரத்தை விடுவிக்கும் இரண்டாம் முறையே. அதனோடு டென்னசியின் வழிகாட்டி முறையையும் சேர்த்துக்கொள்ளின் குறைவிராது.

பிள்ளைகள் ஊருக்கு உழைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமை, அப்பிள்ளைகளுக்காக நேரம் ஒதுக்கும் ஊருக்கே உண்டு. மாணவர் தரும் எட்டு மணி நேரத்தைக் கணக்கிடும் ஏட்டில், பெரியோர் தரும் ஒரு மணி நேரத்துக்கும் ஒரு பக்கம் இருத்தல் வேண்டும். அத்தகைய ஏட்டை ஒவ்வொரு கல்லூரியும் இவ்வாண்டே தொடங்குதல் இயலக்கூடிய செயலே ஆகும்.